உன் வீட்டுத் திறப்பு

பிள்ளைக்கு,

நீ சுகமாக இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். போன ஞாயிற்றுக்கிழமைதானே வந்துவிட்டுப் போனாய்? அதனால் அதை விசாரித்து ஒரு பந்தியை வீணாக்கப் போவதில்லை. என் சுகத்தைக் கேட்டால், முழங்கால் வழமைபோல, மனம் சரியில்லை. வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டால் முடிகிற விசயத்துக்கு அப்பா ஏன் பேனையை எடுத்தார் என்று யோசிப்பாய். தொலைபேசியில் கதைத்தால் உன்னிடம் பொய் சொல்லிவிடுவேன், அதுதான் காரணம். உன் குரலைக் கேட்டவுடன் எல்லாம் ஒழுங்காக இருப்பதுபோலக் காட்ட வேண்டும் என்று எனக்கு வந்துவிடுகிறது. நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய் என்பதும் தெரியும். மெல்லவே வாசி. இதை நீ அவசரமாக வாசிப்பதை நான் விரும்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மா குசினியில் அப்பம் சுட்டுக்கொண்டிருந்தபோது நீ கைப்பையிலிருந்து உன் வீட்டுத் திறப்பை எடுத்து மேசையில் என் தேத்தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாய். வேலைக்காக ஒரு வருடம் ஒஸ்லோவுக்குப் போகிறாய், பிராங்பேர்ட் வீடு பூட்டிக் கிடக்கும், மாதத்தில் இரண்டு தரம் போய்க் கடிதப்பெட்டியைப் பார்த்து, சாடிப் பூமரத்துக்குத் தண்ணீர் விட்டுவிட்டு வரவேண்டும். அவ்வளவுதான் நீ கேட்டது. பிறகு அம்மாவுக்குக் கேட்காமல் குரலைத் தணித்துச் சொன்னாய்: "இது உங்களுக்கு மட்டும் அப்பா. சித்தப்பாவுக்கு இல்லை. இனி ஒருக்கா அப்பிடி நடந்தா நான் கோவிக்கமாட்டன். வாறதைக் குறைச்சுப்போடுவன்." நீ கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். டொக்டர் மாத்திரை எழுதிக் கொடுக்கிற மாதிரி, முகத்தில் ஒன்றும் இல்லாமல் சொன்னாய். நான் தலையை ஆட்டினேன். திறப்பை எடுத்துக் கதவுக்குப் பக்கத்துக் கொளுக்கியில் மாட்டினேன்.

செவ்வாய்க்கிழமை சித்தப்பா வந்தான். சப்பாத்தைக் கழற்ற முதலே அந்தக் கொளுக்கியைப் பார்த்துவிட்டான். உன்னுடைய திறப்பில் தொங்குகிற அந்தச் சிவப்புக் கம்பளிக் குஞ்சம் அவனுக்குத் தெரியாதா என்ன? உள்ளே வந்து, இருந்து, அம்மா கொடுத்த தேத்தண்ணியில் பாதியைக் குடித்துவிட்டுத்தான் தொடங்கினான்.

"அண்ணை, பிள்ளையின்ர வீடு ஒரு வருசம் சும்மாதானே கிடக்கப்போகுது?"

"பூட்டி வைக்கிறாள்."

"பூட்டி வைச்சா வீடு பழுதாப்போம். ஆரும் புழங்கினாத்தான் நல்லது. எனக்கும் இந்த மாதக் கடைசியோட அறையை விடச் சொல்லிப்போட்டாங்கள், கட்டிடம் திருத்தப் போறாங்களாம். ரெண்டு மாதம் அண்ணை. அதுக்குள்ள ஒரு இடம் பாத்திடுவன்."

இந்த இடத்தில் ஒரு மனிசன் ஏலாது என்று சொல்ல வேண்டும். மூன்று எழுத்துத்தான். நான் சொன்னது, "பாப்பம்." இந்த வீட்டில் என்னுடைய 'பாப்பம்' என்றால் என்ன அர்த்தம் என்று உனக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும், எல்லாரையும்விட அவனுக்கு நல்லாகத் தெரியும். முகம் மலர்ந்து எழும்பினான். "வியாழக்கிழமை பின்னேரம் வாறன் அண்ணை" என்று சொல்லிவிட்டுப் போனான். இன்றைக்குப் புதன்.

அம்மா அன்றிலிருந்து என்னோடு கதைக்கவில்லை. கதைக்காமல் இருப்பதற்கு முன் ஒன்று கேட்டாள்: "நீங்கள் அவருக்கு அண்ணையோ, இல்லாட்டி வாடகைச் சாமான் கடையோ?" வாடகைக் கடைக்காரன்கூடச் சாமான் திரும்பி வந்ததா என்று பார்ப்பான். நான் அதுவும் பார்த்ததில்லை. துளைக்கிற மெசின் போனது, வரவில்லை. ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேருக்குப் போகக் கொண்டுபோன பெரிய குளிர்பெட்டி அங்கேயே வாய்க்கால் கரையில் யாரோ ஒருவருக்கு மேசையாகவோ கதிரையாகவோ மாறிப்போனது, இன்றுவரை கணக்கில்லை. நிலக்கீழ் அறைக்கு அம்மா இரண்டாவது பூட்டு வாங்கிப் போட்டாள். அதன் திறப்பையும் நான்தான் அவனுக்குக் கொடுத்தேன், கூடாரம் எடுக்க. அந்தக் கூடாரத்தைக் காயவைக்காமல் சுருட்டித் தந்தான். மறுகோடை திறந்தபோது உள்ளே பூஞ்சணம் பச்சைக் கம்பளம் விரித்திருந்தது. காரைக் கொண்டுபோன ஒருமுறை வேகக் கமராவில் பிடிபட்டு என் பேருக்குக் கடிதம் வந்தது ஞாபகம் இருக்கிறதா? படத்தில் சித்தப்பா ஒரு கையில் ஸ்டீரிங், மறு கையில் அம்மா கட்டிக் கொடுத்த றோல்ஸ், வாய் நிறையச் சிரிப்பு. நீங்கள் எல்லாரும் அந்தப் படத்தைப் பார்த்து வயிறு நோகச் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். அப்படிச் சிரித்துச் சிரித்தே அவனை நான் இப்படி ஆக்கினேன் என்று இப்போது படுகிறது. கேட்ட சாமான் உடைந்தால் அது ஒரு கதை, சாப்பாட்டு மேசையில் சொல்லிச் சிரிக்க ஒரு பகிடி. அதற்கு மேல் அவனிடம் யாரும் ஒன்றும் கேட்டதில்லை.

முப்பது வருடம் விமான நிலையத்தில் மற்றவர்களின் பெட்டிகளைத் தூக்கினேன். ஒரு பெட்டி பிழையான ஓடுபட்டியில் போய்விட்டது என்று தெரிந்தால் எனக்கு அன்று சாப்பாடு இறங்காது. முகம் தெரியாத யாரோ ஒருவருடைய பெட்டி! சொந்தப் பிள்ளையின் பொருளில் மட்டும் எனக்கு அந்தக் கவனம் இருக்கவில்லை. இப்போது சலங்கைக்கு வருகிறேன். நான் இவ்வளவு சுற்றியதும் அதற்கு வரப் பயந்துதான்.

உனக்கு அப்போது பதினாறு வயது. பள்ளிக்கூடத்தோடு பேர்லினுக்கு ஒரு கிழமை போயிருந்தாய். அம்மா வேலையில். சித்தப்பா வந்து, தன் மகள் அபிக்குத் தமிழ்ப் பள்ளிக் கலைவிழாவில் முதல் மேடை, அவளுடைய சலங்கையின் வார் அறுந்துவிட்டது, ஒருநாளைக்கு உன்னுடையதைத் தரச் சொன்னான். அரங்கேற்றத்துக்கு முதல் உன் நடன ஆசிரியை அதைச் சாமிப்படத்துக்கு முன் வைத்துப் பூசை செய்து, இரண்டு கையாலும் உன்னிடம் தந்தபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். "இது இனி உன்ர கால். இன்னொருத்தற்ற காலில கட்டக் குடுக்கக்கூடாது" என்று அவர் சொன்னதும் என் காதில் விழுந்தது. தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு ஒரு வழியும் இல்லை. உன் அலுமாரியைத் திறந்து, மஞ்சள் துணிப்பையோடு எடுத்துக் கொடுத்தேன். "கவனமாக் கொண்டு வா" என்றேன். விழா முடிந்து வரும்போது எஸ்-பான் ரயிலில் யாரோடோ தொலைபேசியில் கதைத்துக்கொண்டே ஒபன்பாக்கில் இறங்கிவிட்டான். பை மேலே சாமான் தட்டிலேயே போய்விட்டது.

நீ பேர்லினால் வந்த பிறகு தொலைந்த பொருள்கள் அலுவலகத்துக்கு இருவருமாக மூன்று தரம் போனோம். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் பையில் என்ன இருந்தது என்று கேட்டார். சலங்கைக்கு ஜெர்மனில் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. மணி, சின்ன மணி, காலில் கட்டுவது என்று காலைத் தூக்கிக் காட்டினேன். எத்தனை மணி என்று கேட்டார். நான் உன்னைப் பார்த்தேன். "ஒவ்வொரு காலுக்கும் நூறு. இடது காலில ஒண்டு குறைவு" என்று நீ நல்ல ஜெர்மனில் சொன்னாய். அந்த ஒன்று எப்போது கழன்றது, எங்கே விழுந்தது என்றுகூட உனக்குத் தெரிந்திருந்தது. எனக்கோ நூறு என்பதே அன்றைக்குத்தான் தெரியும். அவர் எல்லாவற்றையும் பதிந்தார். கிடைக்கவில்லை. திரும்பி வரும்போது ரயிலில் என் தோளில் சாய்ந்துகொண்டு, "பரவாயில்லை அப்பா" என்றாய். அந்தச் சொல்லை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். பரவாயில்லை என்றுதானே பிள்ளை சொன்னாள் என்று அம்மாவிடமும் சொன்னேன், எனக்கும் சொல்லிக்கொண்டேன். அம்மா புதுச் சோடி வாங்கித் தந்தாள். ஆறு மாதம் ஆடினாய். பிறகு அபிட்டூர் சோதனை வருகிறது, படிக்க வேண்டும் என்று நிறுத்தினாய். சோதனை முடிந்து இத்தனை வருடமாகியும் நீ திரும்ப ஆடவில்லை, நானும் ஏன் என்று கேட்கவில்லை. பதில் தெரிந்த கேள்வியை யார் கேட்பார்?

சித்தப்பா அன்று அழுதான், அதையும் சொல்ல வேண்டும். அவன் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்தால் எப்போதோ கதவைச் சாத்தியிருப்பேன். உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். மன்னிப்பதற்கான காரணமாக அதை எடுக்காதே, விளக்கம் என்று மட்டும் எடுத்துக்கொள். நான் இங்கே அகதியாக வந்து, முகாமில், மாவட்ட எல்லையைத் தாண்டுவதற்கே அனுமதிக் கடிதம் வேண்டிய நாட்களில், ஊரில் என் ஐயா செத்துப்போனார். மூத்தவன் நான்தான் கொள்ளி வைக்க வேண்டும். என் இடத்தில் நின்று மொட்டை அடித்துக் கொள்ளி வைத்தவன் அவன். பத்தொன்பது வயது. சண்டை நடக்கிற நேரம், பிணத்தைத் தூக்கவே ஆள் இல்லையாம். ஐயாவின் கைக்கடிகாரத்தை, அது மூத்தவனுக்கு உரியது என்று, தான் கட்டாமல் வைத்திருந்தான். பிறகு நான் அவனைக் கூப்பிட்டபோது எட்டு மாதம் எத்தனையோ நாடுகளில் அடைபட்டுக் கிடந்து, காற்சட்டை மடிப்புக்குள் தைத்து, அதை இங்கே கொண்டுவந்தான். பிராங்பேர்ட் ஸ்டேசனில் என்னைக் கண்டதும் அவன் முதல் செய்த வேலை, குந்தியிருந்து பல்லால் அந்தத் தையலைப் பிரித்ததுதான். கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. "அண்ணை, இந்தாங்கோ, உங்கட சாமான்" என்றான்.

எதையும் ஒழுங்காகத் திருப்பித் தராதவன் அதை மட்டும் தந்தான். அந்த நாளிலிருந்து, அவன் என்ன கேட்டாலும் நான் ஸ்டேசனில் குந்தியிருந்த அந்தத் தம்பிக்குத்தான் கொடுக்கிறேன். இந்த முறை அவன் வருவான், சாமானைப் பத்திரமாகக் கொண்டுவந்து தருவான் என்று ஒவ்வொரு தரமும் நினைக்கிறேன். இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக அவன் வரவில்லை. இனியும் வரமாட்டான் என்று எனக்கு விளங்குகிறது. விளங்கியும் ஒன்றும் ஆகவில்லை என்பதுதான் நான் உனக்குச் சொல்ல வந்தது.

கடைசியாக உன் வீட்டுச் சங்கதி. போன வருடம் ஆறு கிழமை வேலையாக வெளியில் போனாய். அப்போதும் திறப்பு என்னிடம். சித்தப்பா மனைவியைப் பிரிந்து, அடுப்பும் கட்டிலும் ஒட்டிக்கொண்டு கிடக்கிற அந்த அறைக்குப் போன புதிது. பதினைந்து நாள் உன் வீட்டில் இருந்தான். நான் கொடுத்தேன். நீ வந்து பார்த்தபோது குசினிப் பலகையில் வட்டமாகக் கருகல், திரைச்சீலையில் பொரித்த மீன் மணம், உன் பூமரம் தண்ணீர் கூடி அழுகிப்போயிருந்தது. பாவம், தண்ணீர் விட வேண்டும் என்று நான் சொன்னதை மட்டும் அவன் தவறாமல் செய்திருக்கிறான். நீ எனக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டாய்: "திறப்பை ஆருக்கும் குடுத்தனீங்களோ அப்பா?"

"இல்லையே. நான்தான் வந்து ஒருநாள் சமைச்சனான்."

"மீனோ?"

"ஓம், மீன்."

நீ மெல்லச் சொன்னாய்: "மேல் வீட்டு மனுசி படியில என்னை மறிச்சவ. உன்ர சித்தப்பா நல்ல மனிசன், படியில பாட்டுப் பாடிக்கொண்டு போவார், ரெண்டு கிழமையும் நல்ல கலகலப்பா இருந்தது எண்டவ." அதற்குப் பிறகும் நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். என்ன சொன்னேன் என்று ஞாபகம் இல்லை, இன்னொரு பொய்யாகத்தான் இருந்திருக்கும். நீ இடையில் நிறுத்தினாய். "சலங்கையையும் நீங்கள்தான் குடுத்தனீங்கள் அப்பா. சித்தப்பா கேட்டவர், அவ்வளவுதான். என்ர அலுமாரியைத் திறந்தது நீங்கள்."

அறுபத்தாறு வயதில் ஒரு மனிசனுக்கு இதைவிடத் தெளிவாக யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அன்றுவரை எனக்குள் ஒரு கணக்கு இருந்தது: கவனமில்லாதவன் அவன், தாராளமானவன் நான், இடையில் மாட்டுப்பட்ட பாவம் நீ. நான் தாராளமாகக் கொடுத்தது முழுக்க உன்னுடையதும் அம்மாவுடையதும்தான் என்று நீ சொல்லும்வரை எனக்கு உறைக்கவில்லை. எண்ணிப் பார்த்தேன். ஐயாவின் கைக்கடிகாரத்தை அவன் ஒருமுறைகூடக் கேட்டதில்லை, நானும் கொடுத்ததில்லை. அது என் அலுமாரியில், பூட்டுக்குள் இருக்கிறது.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது? ஆனாலும் அப்பன், வாய் சும்மா கிடக்காது. பரவாயில்லை என்று சொல்கிற பழக்கத்தை விடு, பிள்ளை. அது என்னிடமிருந்து உனக்கு வந்த வியாதி. நோகிறபோது நோகிறது என்று சொல். ஒருவர் மேல் இரக்கப்படுகிறாய் என்பதற்காக உன் வீட்டுக்குள் விடாதே. இரக்கப்படு, வெளியில் வைத்துச் சோறு கொடு, வேறு இடம் தேட உதவி செய், திறப்பைக் கொடுக்காதே. எல்லைக் கோட்டை அந்தக் கவனமில்லாத ஆளிடம் போடுவதில் பிரயோசனம் இல்லை, அவனுக்குக் கோடே தெரியாது. அவனுக்கு இரங்கி, உன் கண்ணுக்குத் தெரியாமல் கதவைத் திறந்துவிடுகிற ஆள் ஒருவர் வீட்டுக்குள் இருப்பார். கோட்டை அவருக்கு முன்னால் போடு. இந்த வீட்டில் அது நான்.

அதனால் நான் செய்யப்போவது இதுதான். நாளைக்குச் சித்தப்பா பின்னேரம் வருவான். நான் காலையிலேயே உன் பக்கம் வருகிறேன். நீ வேலைக்குப் போயிருப்பாய். இந்தக் கடிதத்தையும் திறப்பையும் உன் கடிதப்பெட்டிக்குள் போட்டுவிட்டுப் போகிறேன். தபாலில் அனுப்பத்தான் நினைத்தேன். விலாசத்தையும் திறப்பையும் ஒரே உறைக்குள் போட்டு அனுப்புகிற புத்திசாலி உங்களை விட்டால் இல்லை என்று அம்மா நேற்றைக்குப் பிறகு முதல் முதலாக வாயைத் திறந்தாள். எஸ்-பானில் சட்டைப்பையிலிருந்து கையை எடுக்க மாட்டேன். பூமரத்துக்கும் கடிதங்களுக்கும் மேல் வீட்டு மனுசியைக் கேள். அவ உன் சொந்தக்காரி இல்லை, அதனால் பயமில்லை.

இதை ஏதோ துணிச்சல் என்று நினைத்துவிடாதே. நாளைக்கு அவன் வந்து நிற்கும்போது நான் ஏலாது என்று சொல்லப்போவதில்லை. "திறப்பு என்னட்ட இல்லை" என்பேன். பிறகு அவன் உனக்குப் போன் அடிப்பான். "அண்ணை ஓமெண்டவர்" என்று சொல்லுவான், நான் 'பாப்பம்' என்றதைத்தான் அப்படிச் சொல்லுவான், அதில் பிழையும் இல்லை. நான் சொல்ல வேண்டிய சொல்லை நீ சொல்ல வேண்டிவரும். இந்தத் தரமும் உன் அலுமாரியைத்தான் திறக்கிறேன் என்று எனக்குத் தெரிகிறது. வேறு வழி இருந்தால் செய்திருப்பேன். செவ்வாய்க்கிழமை தொடக்கம் குளியலறைக் கண்ணாடியின் முன் நின்று அந்த ஒரு சொல்லைச் சொல்லிப் பார்க்கிறேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கண்ணாடிக்குக்கூட என்னால் சொல்ல முடியவில்லை.

அவனுடைய அறை மாதக் கடைசியோடு போய்விடும் என்பது உண்மை. எங்கே போவான் என்று எனக்குத் தெரியாது. இங்கே வந்தால் அம்மா போய்விடுவாள், அதுவும் உண்மை. இதில் எதுவும் சரிவரப்போவதாக எனக்குத் தெரியவில்லை. நீ வருவதைக் குறைத்துக்கொள்ள வேண்டி வந்தால் குறைத்துக்கொள். வருடத்தில் ஒரு தரம் என்றாலும் வா, வந்து அம்மாவோடு கதைத்துவிட்டுப் போ.

இன்னொன்று. நீ ஒஸ்லோ போன பிறகு நான் உனக்குத் தொலைபேசி எடுப்பேன். வெள்ளிக்கிழமையே எடுக்கவும் கூடும். குளிர்காலம் வருகிறது, தண்ணீர்க் குழாய் உறைந்துவிடும், ஒருக்கால் போய்ப் பார்க்க வேண்டும் என்பேன். அப்பாவுக்கு வயது போகிறது, என்னில் உனக்கு நம்பிக்கை இல்லையா என்பேன். அழுவேன்கூட. அழுவது நடிப்பாக இருக்காது, அதுதான் உனக்குக் கஷ்டமாக இருக்கும். எப்படிக் கேட்டாலும், எத்தனை தரம் கேட்டாலும், அந்தத் திறப்பை எனக்குத் தராதே.

உன் கதவுக்கு வெளியே நிற்க வேண்டிய,
அப்பா